எடைமேடையில் நிற்கும் பையன்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 32, சொந்த ஊர் நாமக்கல். ஒன்பது வருடமாகச் சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிறேன். லாரி எடைமேடையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதி ஒரு தயாரிப்பாளரிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்தது. ஆனால் இரண்டாம் பாதியில் போதைப்பொருள் கும்பலைக் கொண்டுவரச் சொல்கிறார். அந்தப் பெண்ணின் அண்ணனுக்கு ஒரு ரகசியப் பின்கதை வைத்து, அந்த வேடத்துக்கு ஒரு ஹீரோவைப் பிடித்தால் உடனே அட்வான்ஸ் தருகிறாராம். வருகிற படமெல்லாம் இப்படித்தானே இருக்கிறது, நானும் அதையேதான் செய்ய வேண்டுமா? வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடுகிறது, மகளுக்கு மூன்று வயது. ஊரில் அண்ணன் லாரி புக்கிங் ஆபீஸுக்கு வந்துவிடு என்கிறார். இனி ஏஐ எழுதிவிடும், எழுத்தாளனே தேவையில்லை என்று வேறு சொல்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா? திரைக்கதையை இணைத்திருக்கிறேன்.
– ஓர் உதவி இயக்குநர், சாலிகிராமம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். 118 பக்கம். முதல் தடவை 41ஆம் பக்கத்தில் நிறுத்தி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். லோடு லாரி மேடையை விட்டு இறங்கி ஓரமாக நிற்கிறது. ரசீது வாங்க வந்த கிளீனர் பையன் காலி மேடையில் தனியாக ஏறி நின்று, "அக்கா, நான் எவ்ளோ இருக்கேன்?" என்று கேட்கிறான். பத்துப் பத்துக் கிலோவாகத் தாவும் அந்த எண் பலகையில் 40 என்று விழுகிறது. அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "அம்பது" என்கிறாள். இருபது டன் லோடில் இருநூறு கிலோ குறைத்துப் போடச் சொல்லி டிரைவர்கள் கெஞ்சியபோதெல்லாம் அசையாதவள், அந்த ஒல்லிப் பையனுக்காகப் பத்துக் கிலோ பொய் சொல்கிறாள்.

22 வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறேன். இப்படி ஒரு காட்சி கையில் வருவது எனக்கே அபூர்வம். எடைமேடைக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒருவரால்தான் இதை எழுத முடியும்.

அதனால் நேராகவே சொல்கிறேன். கும்பலை உள்ளே விடாதீர்கள். அதற்காகத் தயாரிப்பாளரை உதறிவிட்டும் வந்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி.

இடைவேளைக்குப் பிறகு, 64ஆம் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 95 வரை, கதை படுத்துவிடுகிறது. லாரி ஸ்டிரைக் வருகிறது, புக்கிங் ஆபீஸ் கிளார்க்குடன் ஒரு காதல் வருகிறது, இரண்டுமே அவள் வாழ்க்கையில் எதையும் புரட்டிப் போடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பையன் காணாமல் போய்விடுகிறான். தயாரிப்பாளருக்கு அந்தத் தொய்வு புரிந்திருக்கிறது. கதை கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு எங்கே கொட்டாவி வரும் என்று தெரியும். நோயைச் சரியாகத்தான் சொன்னார், மருந்துதான் தப்பு. அவரிடம் இருக்கிற ஒரே மருந்து அதுதான். ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால் உங்களுக்கு அவர் மேல் கோபம் வராது, பேசுவதும் சுலபமாக இருக்கும்.

ஒரு படத்தின் வியாபாரம் எப்படிப் பேசப்படுகிறது என்று நீங்களே பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். முதலில் ஹீரோ கால்ஷீட். அதைக் காட்டி ஓடிடி, சாட்டிலைட், இந்தி டப்பிங், ஆடியோ, வெளிநாடு, அப்புறம் ஏரியா ஏரியாவாகத் தியேட்டர் உரிமை. இதையெல்லாம் கூட்டிப் போட்டு, படம் வெளிவருவதற்கு முன்பே கிடைக்கிற லாபத்துக்கு டேபிள் ப்ராபிட் என்று பெயர். இந்த ஏற்பாட்டில் படத்தை முதலில் வாங்குபவர் ரசிகர் கிடையாது. மும்பையில் ஓர் அலுவலகத்தில், தமிழ் தெரியாமல், ஒரு நாளில் பல கதைச் சுருக்கங்களைப் புரட்டுகிற ஒருவர். எடைமேடைப் பெண் என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. போதைக் கும்பல், ரகசியப் பின்கதை, அண்ணன் திரும்ப ஆயுதம் எடுக்கிறான் என்றால் ஒரு வரியில் புரிந்துவிடும். இந்தி டப்பிங் வாங்குபவருக்குச் சண்டை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தயாரிப்பாளர்கள் பத்து வருடமாக இந்த ஆட்களுக்குப் பதில் சொல்லியே பழகிவிட்டார்கள். கற்பனை வற்றிவிட்டது என்று நாம் புலம்புகிறோமே, அது எழுதுகிறவன் மண்டையில் வற்றவில்லை. உங்கள் 41ஆம் பக்கமே அதற்குச் சாட்சி. அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க அந்த வரிசையில் ஓர் ஆள் இல்லை.

2020இல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது ஓடிடி நிறுவனங்கள் வரிசையாகப் படம் வாங்கின. அந்தப் பணத்தை நம்பிச் சம்பளங்கள் ஏறின, பட்ஜெட் ஏறியது. இப்போது அவர்கள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள், கொடுக்கிற விலையையும் இறக்கிவிட்டார்கள். முதலில் தியேட்டரில் ஓடட்டும், பிறகு பேசலாம் என்கிறார்கள். ஏறிய சம்பளம் மட்டும் இறங்கவில்லை. போதாக்குறைக்கு, நாலே வாரத்தில் வீட்டில் பார்த்துவிடலாம் என்று ரசிகருக்குப் பழக்கம் செய்து வைத்ததும் நாம்தான். பெரிய நடிகர்களின் படத்தையாவது எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் தயாரிப்பாளர்களும் தியேட்டர்காரர்களும் உட்கார்ந்து தீர்மானம் போடுகிற அளவுக்கு அது போனது.

ஆக, டேபிளில் கிடைத்த லாபம் சுருங்கிவிட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற மனிதர் மறுபடியும் முக்கியமான ஆளாகிவிட்டார். உங்கள் தயாரிப்பாளர் சொல்கிற மருந்து அந்தப் பழைய மேஜைக்கு எழுதியது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு படம் எடிட்டுக்கு வந்தது. சின்ன ஊரில் சலூன் வைத்திருக்கும் அப்பாவுக்கும், அந்தக் கத்தியைத் தொட மாட்டேன் என்கிற மகனுக்கும் நடுவில் நடக்கிற கதை. நன்றாக எழுதியிருந்தார்கள். கடைசி நேரத்தில் வியாபாரத்துக்காக அப்பாவுக்கு ஒரு பின்கதை சேர்த்தார்கள், அவர் முன்னாளில் பெரிய அடியாள் என்று. ஒன்பது இரவு சண்டை எடுத்தார்கள். என் டைம்லைனில் அது 11 நிமிடம் வந்தது. இயக்குநர் என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் எடிட் செய்த படத்தைத் தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். திரையைப் பார்க்க மாட்டேன், தலைகளைப் பார்ப்பேன். எங்கே போன் வெளிச்சம் எரிகிறதோ அங்கே படம் செத்துவிட்டது என்று அர்த்தம். அன்று மதியக் காட்சியில் நூறு பேர் இருந்திருப்பார்கள். சலூன் காட்சிகளில் இரண்டோ மூன்றோ வெளிச்சம். அந்தப் பின்கதை தொடங்கியதும் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தது, முப்பது வரை எண்ணினேன். எதற்காகக் கதையை வளைத்தார்களோ, எவ்வளவு செலவு செய்தார்களோ, சரியாக அந்த இடத்தில் ஜனங்கள் வாட்ஸ்அப் பார்த்தார்கள். மகன் கடைசியில் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிற காட்சியில் ஒரு வெளிச்சம்கூட இல்லை. ஆனால் அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டுமே. பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். படம் ஒரு வாரம் தாண்டவில்லை. அந்த இயக்குநருக்கு இன்னும் இரண்டாவது படம் கிடைக்கவில்லை. சொன்னதைச் செய்தாரே என்று யாரும் அவருக்குப் பரிந்து பேசவும் இல்லை. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். வளைந்து கொடுத்தால் வாய்ப்பு நிலைக்கும் என்று நினைக்கிறீர்கள். படம் விழுந்தால் பழி உங்கள் பெயரில்தான் விழும், பின்கதை கேட்டவர் பெயரில் இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாமே புதுசாக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2024 ஏப்ரலில் புதுப் படங்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, இருபது வருடம் பழைய 'கில்லி'யை மறுபடி போட்டார்கள். அரங்கு நிறைந்தது. அதுவே ஒரு தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம்தான். ஆனால் தங்கையோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிற அந்த வீட்டையும், நண்பர்களையும், வில்லன் பேசுகிற பேச்சையும் உட்கார்ந்து யோசித்து நம்முடையதாக ஆக்கியிருந்தார்கள். கதையை எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஜனங்கள் பெரிதாக நினைப்பதில்லை. அதன் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தோமா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த உட்காருகிற நேரம்தான் இப்போது இல்லாமல் போய்விட்டது. பழைய படங்களின் டைட்டிலில் 'தேவர் பிலிம்ஸ் கதை இலாகா', 'ஏவி.எம். கதை இலாகா' என்று பார்த்திருப்பீர்கள். கதையை உருட்டுவதற்கென்றே ஆட்கள் வைத்திருந்தார்கள். அது ஒரு தனி வேலையாக மதிக்கப்பட்டது. இன்று அந்த வேலையை வளசரவாக்கத்தில் ஓர் அறையில் நாலு உதவி இயக்குநர்கள் டீயும் பரோட்டாவும் சாப்பிட்டுக்கொண்டு இனாமாகச் செய்கிறார்கள். நீங்களும் செய்திருப்பீர்கள். கால்ஷீட் தேதியிலிருந்து பின்னால் எண்ணி, இத்தனை வாரத்தில் ஸ்கிரிப்ட் முடிய வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு பெரிய பட்ஜெட்டில் எழுத்துக்கு ஒதுக்குவது ஒரு சண்டைக் காட்சிக்கு ஆகும் செலவுகூட இருக்காது. வருகிற படமெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, எனக்குத் தெரிந்து முதல் காரணம் இதுதான்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். 1977இல் '16 வயதினிலே' தயாரானபோது விநியோகஸ்தர்கள் வாங்க மாட்டேன் என்றார்கள், தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். ஸ்டுடியோ செட்டை விட்டு வெளியே வந்த அந்தப் படம் ஓடியது. அடுத்த சில வருடங்களுக்கு வயலும் வரப்புமாகவே படங்கள் வந்து குவிந்தன. 2007, 2008இல் மதுரைப் பக்கத்துக் கதைகள் இரண்டு ஜெயித்ததும் தாடியும் லுங்கியும் அரிவாளுமாக வந்தது உங்களுக்கே நினைவிருக்கும். புதுசாக ஒன்று ஜெயிக்கும், அதன் தோலை மட்டும் உரித்துப் பத்துப் பேர் போர்த்திக்கொள்வார்கள், அது சலித்துப்போகும்போது யாருமே எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒருவர் வருவார். இந்தத் தொழில் இப்படியே நகர்ந்து வந்திருக்கிறது.

இப்போதும் அது நடந்துகொண்டிருக்கிறது. 2024 தொடக்கத்தில் இங்கே தமிழ்ப் படங்கள் திணறிக்கொண்டிருந்தபோது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளத்திலேயே நம் ஊர்த் தியேட்டர்களை நிறைத்தது. அதே வருடம் செப்டம்பரில் ரப்பர் பந்து கிரிக்கெட்டையும் மாமனார் மருமகன் வீம்பையும் வைத்து ஓர் அறிமுக இயக்குநர் எடுத்த 'லப்பர் பந்து' ஜெயித்தது. 2025 மே 1 அன்று ஒரு பெரிய நட்சத்திரப் படம் வந்த அதே நாளில், இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் குடியேறும் ஒரு குடும்பத்தின் கதையோடு இன்னோர் அறிமுக இயக்குநர் வந்தார். 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு வாய்வழியாகவே கூட்டம் கூடியது. இந்தப் படங்களை ஒன்றோடொன்று மாற்றி வைத்துப் பார்க்க முடியாது, தம்பி. அந்தந்த மண், அந்தந்த மனிதர்கள். உங்கள் எடைமேடையும் அந்த ஜாதி.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சின்னப் படங்களில் பெரும்பாலானவை ஓடுவதில்லை, வந்த சுவடே தெரியாமல் போகின்றன. அசோக் நகர் உதயம் 1983இல் திறந்தது, 2024இல் மூடிவிட்டார்கள். நான் எத்தனையோ படங்களை அங்கேதான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். சிறு ஊர்களில் ஒற்றைத் திரை அரங்குகள் கல்யாண மண்டபமாகிவிட்டன. மிகப் பெரிய படங்களும், செலவை அடக்கி எடுத்த சின்னப் படங்களும் மிஞ்சும், நடுவில் இருப்பவைதான் அடிபடும் என்று நான் நினைக்கிறேன். தயாரிப்பாளர் சொன்னபடி ஒரு ஹீரோவைக் கொண்டுவந்தால் உங்கள் படம் நேராகப் போய் அந்த நடுவில்தான் விழும்.

ஏஐ விஷயத்தில் எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி'யை மறுபடி வெளியிட்டபோது, இறந்துபோகிற நாயகன் பிழைத்து எழுவது போல ஏஐ வைத்து முடிவையே மாற்றினார்கள். இயக்குநரும் நாயகனும் எதிர்த்தும் பயனில்லை. ஓர் எடிட்டராக எனக்கு அது வயிற்றைக் கலக்கியது. ஒரு மரணத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்காகத்தானே முன்னால் உள்ள ஒவ்வொரு வெட்டையும் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏஐக்கு ஒப்பந்தத்தில் வரம்பு வாங்கினார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை, வேண்டும். ஆனால் எழுத்து என்று வந்தால், ஏஐ இதுவரை வந்த படங்களைப் படித்துவிட்டு எழுதுகிறது. போதைக் கும்பலும் பின்கதையும் கேட்டால் ஒரு நிமிடத்தில் தரும். நாமக்கல் எடைமேடையில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் எதற்குப் பொய் சொல்வாள் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

சரி, இனி செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

தயாரிப்பாளரிடம் ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். "இரண்டாம் பாதி தொய்கிறது என்று நீங்கள் சொன்னது உண்மை, சரி செய்துகொண்டு வருகிறேன்" என்றே ஆரம்பியுங்கள். அவர் சொன்னதை நீங்கள் காதில் வாங்கினீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கையில் ஒரு பட்ஜெட்டோடு போங்கள். உங்கள் கதைக்கு ஒரே லொகேஷன்தான், அது பெரிய பலம். பலவீனம் என்னவென்றால், எண்ணிப் பார்த்தேன், 62 காட்சிகள் இரவில் நடக்கின்றன. இரவு ஷூட்டிங் என்றால் பேட்டா ஏறும், லைட் ஏறும், ஜெனரேட்டர் ஏறும், யூனிட் களைத்துப்போகும். அதில் பாதியைச் சாயங்காலத்துக்கும் விடியற்காலைக்கும் தள்ளினால் கதைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவள் ஷிப்ட் முடிந்து பல் விளக்கிக்கொண்டே முதல் லாரியைப் பார்க்கிற காட்சி விடியலில்தான் இன்னும் அழகாக இருக்கும். 38 நாளில் முடிக்கலாம். ஹீரோ சம்பளம் இல்லாத அந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள். ஓடிடி வாங்காவிட்டால்கூட எவ்வளவு நஷ்டம் வரும் என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும். கொள்கை பேசுவதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

அதற்கு முன்னால் திரைக்கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கும்போது கையெழுத்துப் போடுகிற தாளை ஒரு வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். எத்தனை மாதத்துக்குள் ஷூட்டிங் தொடங்காவிட்டால் கதை உங்களிடம் திரும்ப வரும் என்று அதில் இருக்க வேண்டும். ஐந்தாயிரம் அட்வான்ஸில் ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த கதைகள் எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி தியேட்டரில் படம் ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் எழுதியவருக்குள்ள ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. இதெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வீட்டைப் பற்றி. ஒரு பெண் தன் சம்பளத்தில் உங்களைத் தாங்கி வருகிறார். அவருக்குத் தெரியாமல் எந்த முடிவும் வேண்டாம். இனாமாகக் கதை விவாதத்தில் உட்காருவதை இன்றோடு நிறுத்துங்கள். டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுங்கள், விளம்பரப் படம் செய்யுங்கள், வெப் சீரிஸ் அறைகளில் எழுதுங்கள். காசு தருகிற எழுத்து எதுவும் உங்களைக் கெடுத்துவிடாது. இந்தத் தயாரிப்பாளர் மறுத்தால் இன்னும் ஒன்றரை வருடம் என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் புக்கிங் ஆபீஸுக்குப் போக நேர்ந்தால் தலை நிமிர்ந்து போங்கள். அங்கே உட்கார்ந்தும் எழுதலாம், உங்கள் கதை அந்த ஊரில்தான் இருக்கிறது.

இரண்டாம் பாதிக்கு என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் வேலை. ஒரே ஒரு கேள்வி மட்டும். அவள் அம்பது என்று சொன்னதை அந்தப் பையன் நம்பினானா? நம்பியிருந்தால் அதை யாரிடமாவது போய்ச் சொல்லியிருப்பான். மறுபடி எப்போதாவது அந்த மேடையில் ஏறி, எண் பலகையைத் தானே திரும்பிப் பார்த்திருப்பான். அன்றைக்கு அதில் என்ன எண் இருந்தது? எழுதியதும் அனுப்புங்கள், நான் படிக்கிறேன்.